ஃபைல் எங்கே போனது? பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்த பிறகு பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாகக் கிடக்கின்றன. மகளின் பிராஜெக்ட் அதில்தான் இருக்கிறது. (அல்சூர்)

பதில்: பயப்படாதீர்கள். பிராபர்ட்டீஸில் பயன்பட்ட இடம் பழைய அளவிலேயே இருந்தால் பிராஜெக்ட் உள்ளேதான் இருக்கிறது. கடைக் கம்ப்யூட்டரின் வைரஸ் அதை மறைத்துவிட்டுப் போலி ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. அதைக் கிளிக் செய்துவிடாதீர்கள். ஆன்டிவைரஸ் ஓட்டிவிட்டு, மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி வியூ செட்டிங்கை மாற்றுங்கள். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் மொத்தமும் இருக்கும்.

கேள்வி: கல்யாணப் போட்டோக்களை ஷிஃப்ட் டிலீட் செய்துவிட்டேன். எஸ்.பி. ரோடு கடைகளில் மீட்டுத் தருவார்களா? (கே.ஆர்.புரம்)

பதில்: முதலில் லேப்டாப்பை அணைத்துவிட்டு, உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியா என்று பில்லிலோ மாடல் விவரத்திலோ பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் அழித்தால் விண்டோஸ் அந்த இடத்தைக் காலி என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மேலே வேறொன்று எழுதப்படும்வரை படம் அங்கேயே கிடக்கும். அதனால்தான் ரெக்கவரி மென்பொருளைக்கூட அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யக் கூடாது. எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. விண்டோஸ் 7 முதலே டிரிம் என்ற வசதி, அழித்த இடம் எது என்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடுகிறது. டிஸ்க் அதைத் தானே துடைத்துவிடும்.

ஆனால் போட்டோகிராஃபரின் மெமரி கார்டு இருக்கிறதே! இன்றே அவருக்குப் போன் செய்து, கார்டில் புதிதாக எதையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் கார்டை அலசிப் படங்களை எடுத்துத் தரும். பழைய ஃபைல் பெயர்கள் மட்டும் வராது. கடைக்கே போவதானால், முதலில் டிஸ்க்கை முழுசாக நகலெடுத்து அந்த நகலில் வேலை செய்வார்களா என்று கேளுங்கள். 'இல்லை' என்றால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: டெஸ்க்டாப் திடீரென்று காலி. (ஸ்ரீராமபுரம்)

பதில்: ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பு) ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப் என்று இன்னொன்று இருக்கும், அங்கே பாருங்கள். இல்லையென்றால் ஒன்டிரைவ் இணையதளத்தின் ரீசைக்கிள் பின். சொந்தக் கணக்கில் 30 நாள் வரை வைத்திருக்கும்.

கேள்வி: எக்ஸ்டெர்னல் டிஸ்க் 'டிக் டிக்' என்கிறது. (பொம்மனஹள்ளி)

பதில்: உடனே கழற்றுங்கள். எந்த மென்பொருளும் உதவாது, ஓட ஓடத் தட்டு கீறிக்கொண்டே போகும். தூசி புகாத சுத்த அறை உள்ள ரெக்கவரி லேபுக்கு எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஆபீஸ் சர்வரில் கணக்கு ஃபோல்டரைக் காணோம். புதுப் பையன் மேல் சந்தேகம். (பொம்மசந்திரா)

பதில்: தயவுசெய்து அவரிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள். மவுஸ் நழுவி ஒரு ஃபோல்டர் பக்கத்து ஃபோல்டருக்குள் விழுவது அடிக்கடி நடப்பது. சர்வர் முழுக்கத் தேடுங்கள். கிடைக்கவில்லையா? நெட்வொர்க் வழியாக அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. அவ்வப்போது நகல் எடுத்து வைக்கும் ஷேடோ காப்பி வசதி ஆன் ஆகியிருந்தால் 'ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்' பக்கத்தில் பழைய நகல் இருக்கும். யார் அழித்தது என்பது, யார் எந்த ஃபைலைத் தொட்டார் என்று பதியும் ஃபைல் ஆடிட்டிங்கை முன்பே ஆன் செய்திருந்தால்தான் விண்டோஸின் செக்யூரிட்டி லாக் என்ற பதிவேட்டில் 4663 என்ற எண்ணில் தெரியும். ஆன் செய்யவில்லை என்றால் யார் மேலும் பழி போட ஆதாரம் இல்லை.