மாக்கிங்பேர்ட் நாவலின் படிமங்கள்: கேள்வி பதில்

ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ 1960-ல் வந்த நாவல். கதை நடப்பது 1930-களில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில். மாயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மீது பொய் வழக்கு. அவருக்காக வாதாடுகிறார் வக்கீல் அட்டிகஸ். கதை சொல்வது அவருடைய சின்ன மகள் ஸ்கவுட்.

மாக்கிங்பேர்ட் நம் ஊரில் உண்டா?

இல்லை, அது அமெரிக்கப் பறவை. நம் துடுப்புவால் கரிச்சானைப் போல மற்ற பறவைகளின் குரலிலும் பாடும். பாடுவது மட்டும்தான் அதன் வேலை, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. அதைக் கொல்வது பாவம் என்கிறார் அட்டிகஸ்.

படிமம் என்றால் வர்ணனைதானே சார்? அது பாத்திரத்தை என்ன செய்துவிடும்?

வெறும் வர்ணனை இல்லை, ஓர் உணர்வையோ கருத்தையோ கண்முன் காட்சியாக நிறுத்துவதுதான் படிமம். வெறிநாய்க் காட்சியைத் திரும்பப் படியுங்கள். பிப்ரவரி மாதம். தெருவே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது. அப்பாவுக்குத் துப்பாக்கி சுடத் தெரியும் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரே குண்டில் நாயைச் சாய்க்கிறார். அப்புறம் பல அத்தியாயம் தள்ளி, புழுக்கமான கோடை இரவு, தீர்ப்புக்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஸ்கவுட்டுக்கு மட்டும் உடம்பு நடுங்குகிறது. அந்தப் பிப்ரவரிக் காலை அவளுக்குள் திரும்பி வந்துவிட்டது. அதே தெரு, அப்பா துப்பாக்கியைத் தூக்கி விசையை அழுத்துகிறார், ஆனால் உள்ளே குண்டு இல்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஜூரிகள் இன்னும் வாய் திறக்கவில்லை. குழந்தைக்குத் தீர்ப்பு தெரிந்துவிட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

டாம்தான் மாக்கிங்பேர்ட் என்று பரீட்சையில் எழுதலாமா?

எழுதலாம். தீர்ப்புக்குப் பிறகு நேரும் டாமின் சாவைப் பாட்டுப் பறவைகளைக் கொல்வதோடு ஒப்பிட்டு அந்த ஊர்ப் பத்திரிகை ஆசிரியரே எழுதுகிறார். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். பறவை என்று சொன்னதும் டாம் வெறும் அப்பாவியாகச் சுருங்கிவிடுகிறார். அவருடைய இடது கையைப் பாருங்கள். சிறுவயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிச் சூம்பிப்போன கை. சத்தியம் செய்ய பைபிள் மேல் வைத்தால் நழுவி விழுகிறது. அந்தக் கையால் மாயெல்லாவை அடித்திருக்கவே முடியாது என்று கண்ணெதிரே தெரிந்தும் தண்டிக்கிறார்கள். மாயெல்லாவைப் பார்த்து இரக்கப்பட்டேன் என்று அவர் சொன்னதைத்தான் அந்த ஊரால் பொறுக்க முடியவில்லை. இரக்கப்படுகிற மனுஷனைப் பறவைப் படிமத்துக்குள் அடைக்க முடியாது.

பொய் சாட்சி சொன்ன மாயெல்லாவுக்கும் படிமம் உண்டா?

உண்டு. குப்பைமேட்டை ஒட்டிய வீடு, முற்றம் முழுக்க உடைசல். அதில் ஒரு மூலையில் மட்டும் எனாமல் பெயர்ந்த ஆறு பாத்திரங்களில் சிவப்பு ஜெரேனியம். அந்தப் பூச்செடிகள் அவளுடையவை என்று ஊரில் பேச்சு. அவள் கூண்டேறும் முன்பே நாம் இதைப் படித்துவிடுகிறோம். அதனால்தான், டாமை அவள் கைகாட்டும்போது கோபத்தோடு வேறொன்றும் சேர்ந்து வருகிறது.