டெயில் லைட் டிண்ட்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பல வருடங்களாகக் கார் விளக்குகளைக் கழற்றிச் சரிசெய்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டிலேயே டெயில் லைட்டைக் கறுப்பாக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: முதல் தடவை செய்கிறேன் அண்ணா. ஃபிலிம் ஒட்டலாமா, ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: ஃபிலிம்தான். பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம் என்ற ஒரு காரணமே போதும்.

லென்ஸைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். பெரும்பாலான டெயில் லைட் லென்ஸ் அக்ரிலிக். அசிட்டோன் பட்டால் சிலந்தி வலை மாதிரி உள்ளுக்குள் விரிசல் ஓடும். ஆரம்ப காலத்தில் நானே ஒரு நல்ல லென்ஸை இப்படிப் பாழாக்கியிருக்கிறேன். அந்த விரிசலைப் பாலிஷ் போட்டு எடுக்கவே முடியவில்லை.

சுற்றிலும் இரண்டு விரல் அதிகம் விட்டு ஃபிலிமை வெட்டுங்கள். தண்ணீரில் நாலு சொட்டு பேபி ஷாம்பூ கலந்து லென்ஸிலும் பசைப் பக்கத்திலும் தெளித்தால், ஒட்டிய பிறகும் நகர்த்தி நேராக்க முடியும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஸ்க்வீஜியால் (தண்ணீரை வழித்துத் தள்ளும் ரப்பர் பட்டை) தள்ளுங்கள். வளைவில் சுருக்கம் வந்தால் அழுத்தாதீர்கள். தூக்கி, ஹேர் டிரையரில் மிதமாகச் சூடு காட்டி, இழுத்து ஒட்டுங்கள். ஹீட் கன் கையில் இருந்தாலும் முதல் தடவைக்கு வேண்டாம், ஒரு நொடி அதிகமானால் ஃபிலிம் சுருங்கிவிடும். ஒட்டிய பிறகு ஓரிரு நாள் கார் கழுவாதீர்கள்.

கேள்வி: 35 சதவீத ஃபிலிம் வாங்கியிருக்கிறேன். 35 சதவீதம்தானே கறுப்பு, பரவாயில்லைதானே?

பதில்: தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த எண் ஊடுருவிப் போகும் வெளிச்சத்தின் அளவு. 35 என்றால் 65 பங்கு தடுக்கப்படுகிறது. எண் குறையக் குறைய கறுப்பு கூடும். இரண்டு அடுக்கு ஒட்டினால் பெருக்கல் கணக்கு: 50-ன் மேல் இன்னொரு 50 என்றால் மிஞ்சுவது 25.

இது ஏன் முக்கியம் என்றால், பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதிகளில் ஒரே அளவு பிரகாசத்தில் எரியும் சாதாரண பிரேக் லைட் பின்னால் நேராகக் குறைந்தது 60 கேண்டெலா (ஒரு திசையில் போகும் வெளிச்சத்தின் அளவு) தர வேண்டும். உங்கள் விளக்கு 100 தருகிறது என்று வைத்துக்கொண்டாலும், இந்த ஃபிலிமுக்குப் பிறகு 35. விதி கேட்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

வீட்டிலேயே அளக்கலாம். இருட்டறை, எரியும் விளக்கு, ஒரு மீட்டர் தள்ளி அசையாமல் ஒரு போன், அதில் லக்ஸ் மீட்டர் (மேலே விழும் வெளிச்சத்தை அளக்கும்) செயலி. ஃபிலிம் இல்லாமல் ஒரு எண், விளக்கின் முன் ஃபிலிமைப் பிடித்து ஒரு எண். இரண்டாவதை முதலால் வகுத்தால் விகிதம் கிடைத்துவிடும். ஒட்டுவதற்கு முன்பே செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் சட்டப்படி சரியா?

பதில்: வாகனப் பரிசோதனை செய்யும் அலுவலகத்தில் கேளுங்கள். பொதுவாகச் சொன்னால், 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி பின்பக்கச் சிவப்பு விளக்கு தெளிவான இரவில் 300 மீட்டரிலிருந்து தெரிய வேண்டும்.

கேள்வி: லென்ஸின் கீழ் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டமாக ஒரு பகுதி இருக்கிறதே, அதற்கும் சேர்த்து ஒட்டிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. அது ரிஃப்ளெக்டர். பல்பு இல்லை, வயர் இல்லை. வருகிற வண்டியின் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். பேட்டரி செத்து இருட்டு ரோட்டோரம் கார் நின்றால், பின்னால் வருபவருக்கு அந்தச் சிவப்புப் பளபளப்பு மட்டும்தான் எச்சரிக்கை.

டிண்ட் இதைத்தான் அதிகமாகக் கெடுக்கும். வெளிச்சம் உள்ளே போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை என இரண்டு முறை ஃபிலிமைக் கடக்கிறது. 50 சதவீத ஃபிலிமில் கால் பங்கு திரும்பும். 35-ல் சுமார் 12 சதவீதம். ரிஃப்ளெக்டரை விட்டுவிட்டு ஃபிலிமை வெட்டுங்கள்.

கேள்வி: ஸ்ப்ரே எத்தனை கோட்?

பதில்: லேசாக இரண்டு. முதலில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளில் அடித்து லக்ஸ் சோதனை செய்யுங்கள். ரிஃப்ளெக்டரை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு அடியுங்கள். மேலே ஹார்டனர் கலந்த 2கே கிளியர் கோட் போடுவதாக இருந்தால், அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். தூசிக்குப் போடும் மாஸ்க் அதைத் தடுக்காது. சரியான பாதுகாப்பு இல்லையென்றால் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: நல்ல கறுப்பு வர ஸ்ப்ரே எத்தனை கோட் அடிக்கணும்?

பதில்: மேலே சொன்னதுதான். அந்த "நல்ல கறுப்பு" வேண்டாம்.

கேள்வி: ஓவனில் வைத்து லென்ஸைப் பிரித்து உள்பக்கம் அடித்தால்?

பதில்: வேண்டாம். பல டெயில் லைட்டுகளில் லென்ஸும் உடலும் உருக்கி ஒட்டப்பட்டவை, சூட்டில் பிரியாது. 100 டிகிரியை நெருங்கினால் அக்ரிலிக்கே இளகிவிடும்.

கேள்வி: டிண்ட் போட்டுவிட்டுப் பிரகாசமான எல்இடி பல்பு மாட்டினால் ஈடாகிவிடாதா?

பதில்: சாதாரண பல்புக்கான விளக்கில், பல்புக்குள் சூடேறி எரியும் கம்பி இழை இருக்கும் இடத்தை வைத்துத்தான் உள்ளே இருக்கும் பிரதிபலிப்பானை வடிவமைத்திருப்பார்கள். எல்இடி வெளிச்சம் வேறு இடத்திலிருந்து புறப்படுவதால், பின்னால் போக வேண்டியது பக்கவாட்டில் சிதறலாம். இன்னொன்று: பிரேக்குக்கும் டெயிலுக்கும் தனித்தனி இழை உள்ள பி21/5டபிள்யூ வகை பல்பில் பிரேக் இழை தரும் மொத்த வெளிச்சம் 440 லூமென், டெயில் இழை 35. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் இருப்பதால்தான் பிரேக் பிடித்தது உடனே தெரிகிறது. மலிவான எல்இடிகள் சிலவற்றில் இந்த இடைவெளி மிகவும் குறைவு. வாங்கினால் இரண்டு நிலையையும் அளந்து பாருங்கள்.

எல்இடிக்கு ஒரு நிஜமான நன்மை உண்டு. இழை சூடேறி எரிய எடுக்கும் சுமார் 0.2 வினாடி அதற்குத் தேவையில்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு அது ஐந்தரை மீட்டர். ஆனால் அதைச் சம்பாதித்துக் கொடுத்து, டிண்டால் திரும்பப் பிடுங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: உங்கள் கணக்கையே திருப்பிக் கேட்கிறேன். வெயில் டிண்டை இரண்டு முறை கடக்கிறது, பிரேக் வெளிச்சம் ஒரு முறைதான். அப்படியானால் பகலில் டிண்ட் போட்ட விளக்குதானே தெளிவாகத் தெரிய வேண்டும்?

பதில்: அருமையான கேள்வி, பாதி சரியும்கூட. லென்ஸுக்குள் போய்த் திரும்பும் வெயில் அதிகமாகவே குறையும். கிட்டே நின்று பார்த்தால், எரிவதற்கும் அணைந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் கூடித்தான் தெரியும்.

ஆனால் ஃபிலிமின் வெளிப்பரப்பே சுமார் 4 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடாமல் திருப்பிவிடும். தாழ்ந்த வெயில் நேராகப் படும்போது அந்தப் பளபளப்பு குறையாது, பிரேக் வெளிச்சம் மட்டும் குறையும். அடுத்து, தூரத்திலிருந்து பார்க்கும் கண் உங்கள் லென்ஸைச் சுற்றியுள்ள வானத்தோடும் ரோட்டோடும் ஒப்பிடுகிறது. அவற்றுக்கு யாரும் டிண்ட் போடவில்லை.

கேள்வி: மீண்டும் நான்தான். கண் பாதி வெளிச்சத்தைப் பாதியாக உணராது, கொஞ்சம் மங்கலாகத்தானே உணரும்?

பதில்: உண்மை. அதனால்தான் இரவில் காருக்குப் பின்னால் நின்று பார்ப்பவர்கள் எல்லாரும் "நன்றாகத்தானே தெரிகிறது" என்கிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் விளக்கைத் தேடிப் பார்க்கிறீர்கள். பின்னால் வருபவர் தேடுவதில்லை. விளக்குதான் அவர் கவனத்தை இழுக்க வேண்டும். அதோடு, 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அவர் கண்ணுக்கு ஏற்கனவே ஒரு டிண்ட் இருக்கிறது. நீங்கள் சேர்ப்பது இரண்டாவது.

வீட்டில் வயதான ஒருவரை உச்சி வெயிலில் நூறு அடி தள்ளி நிற்க வைத்து, சொல்லாமல் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். எப்போது மிதித்தீர்கள் என்று அவர் சொல்லட்டும்.

கேள்வி: ஹெட்லைட்டுக்கும் இதே முறைதானா?

பதில்: ஹெட்லைட்டுக்கு ஒரு அடுக்குகூட வேண்டாம்.

கேள்வி: பின் கண்ணாடியின் மேல்பக்கம் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்?

பதில்: அதைத் தொடாதீர்கள். அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து அதைக் கட்டாயமாக்கியதே, பின்னால் வந்து மோதுவது குறையும் என்று சோதனைகளில் கண்ட பிறகுதான்.

கேள்வி: எத்தனை கோட், எத்தனை சதவீதம் என்று ஒரே வரியில் சொல்லுங்கள் சார்.

பதில்: கோட் எண்ணிக்கையும் சதவீதக் கணக்கும் மேலே இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள். ரிஃப்ளெக்டர் பற்றிய பதிலை இரண்டு தடவை படியுங்கள்.

கேள்வி: வாதம் செய்த அதே ஆள்தான். அளந்தேன்: ஃபிலிம் இல்லாமல் 410, ஃபிலிமோடு 150. வெயிலில் நிறுத்தியபோது அப்பா இரண்டு முறை தாமதமாகத்தான் சொன்னார். ஒட்டியதை என்ன செய்வது?

பதில்: அளந்து பார்த்ததற்கு நன்றி தம்பி. கறுப்பை முழுவதுமாகக் கைவிட வேண்டியதில்லை. பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ், ரிஃப்ளெக்டர் பகுதிகளில் மட்டும் ஃபிலிம் இருக்கக் கூடாது. பல்பே இல்லாத ஓரங்களில் இருக்கட்டும், அந்தக் கறுப்பு யாரையும் பாதிக்காது. லென்ஸ் மேல் பிளேடு வைத்து அறுக்காதீர்கள், கோடு விழும். முழுதாக உரித்து, மேஜையில் வைத்து வெட்டி, புதிய துண்டை ஓரத்துக்கு ஒட்டுங்கள். உரிக்கும்போது ஹேர் டிரையரில் சூடாக்கி, லென்ஸோடு படிந்தவாறே மெதுவாக இழுத்தால் பசை ஃபிலிமோடு வந்துவிடும்.