வாசகர் கேள்வி – பதில்: ஐஸ் இருந்தும் சூடு ஏன்?

கேள்வி: டிராக் ரேஸுக்காக (நேர்கோட்டில் ஓடும் குறுந்தூரப் பந்தயம்) காரில் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போட்டிருக்கிறோம். அழுத்தத்தில் சூடாகும் அந்தக் காற்றைக் குளிர்விக்க, தண்ணீர் ஓடும் இன்டர்கூலர். ஐஸ் தொட்டி வைத்தும் இரண்டாவது ஓட்டத்தில் இழுவை குறைகிறதே? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உள்ளே போகும் காற்று சூடானால், நாக்கிங்குக்குப் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது) பயந்து ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும்; இழுவை குறையும். இன்டர்கூலர் தண்ணீரை ஆற்ற முன்னாலுள்ள சின்ன ரேடியேட்டர் இன்னும் இணைப்பில் இருக்கிறதா? அதுதான் வில்லன்! ஐஸ் தண்ணீரை வெளிக்காற்று அங்கே சூடாக்கிவிடும். ஓட்டத்தின்போது தண்ணீர் அதற்குள் போகாதபடி பைபாஸ் வால்வு போட்டு ஒதுக்குங்கள்.

ஐஸ் பாரை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, இடுக்கெல்லாம் தண்ணீர் நிற்கும்படி நிரப்புங்கள். 1 கிலோ ஐஸ் உருகினால், 1 லிட்டர் தண்ணீரை 80 டிகிரி ஏற்றும் வெப்பத்தை விழுங்கும். திரும்பி வரும் ஹோஸ் ஐஸ்மேல் கொட்டட்டும். பம்ப் தொட்டிக்குக் கீழே, உறிஞ்சும் வாயில் சல்லடையோடு. மீன் பெட்டியில் கிடந்த உப்பு ஐஸ் மட்டும் வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும்.