தவணை தவறியவர்களைத் தேடிச் செல்வது: வாசகர் கேள்வி – பதில்

தடுப்பூசி, காசநோய் சிகிச்சை, சர்க்கரை நோய் மாத்திரை என்று வெவ்வேறு திட்டங்களைப் பற்றி வந்திருந்தாலும், குறித்த நாளில் வராதவர்களை எப்படி அறிவது, எப்படி அணுகுவது என்ற ஒரே பொருளைத் தொடும் கேள்விகள் இந்த இதழுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடுகிறோம். கூட்டம் எப்போதும் குறைவதில்லை. ஆனாலும் ஆண்டுக் கணக்கைப் பார்க்கும்போது மூன்றாம் தவணை போடாத குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் எந்த இடத்தில் விடுபடுகிறார்கள் என்பது பிடிபடவில்லை.
– கிராம சுகாதார செவிலியர், தருமபுரி மாவட்டம்

பதில்: அன்றைக்கு வந்த குழந்தைகளை மட்டும் எழுதும் பதிவேட்டில் வராத குழந்தைக்கு இடமே இல்லை. 20 குழந்தைகள் வந்தார்கள் என்ற கணக்கு, வரவேண்டியவர்கள் 20 பேரா 26 பேரா என்பதைக் காட்டாது. அதோடு, வெளியூரிலிருந்து தாய் வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு பெண்ணின் குழந்தை அன்று வந்துவிட்டால், உங்கள் ஊர்க் குழந்தை ஒன்று வராமல் போனதும் எண்ணிக்கையில் தெரியாமல் போய்விடும். ஆகவே பிறந்த மாதத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, அந்த மாதம் பிறந்த குழந்தைகள் அனைவரையும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நேராக 6, 10, 14 ஆவது வாரங்களுக்கும், 9 ஆவது மாதத்துக்கும், 16 ஆவது மாதத்துக்கும் கட்டம் போட்டு வையுங்கள். நாள் கடந்தும் நிரம்பாமல் இருக்கும் கட்டம் எது என்று பார்த்தாலே தேட வேண்டிய வீடு எது என்பது தெரிந்துவிடும். 14 பைகள் தைத்த துணியைச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு குழந்தைக்கும் அடுத்த தவணை வரவேண்டிய மாதத்தின் பையில் தடுப்பூசி அட்டையின் மறுபாதியைப் போட்டு வைக்கும் முறையும் நம் தடுப்பூசித் திட்டத்தில் உண்டு; 12 பைகள் மாதங்களுக்கும், ஒன்று ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் இறந்தவர்களுக்கும், மற்றொன்று எல்லாத் தவணைகளையும் முடித்தவர்களுக்கும் உரியவை. மாத முடிவில் ஒரு பையில் எஞ்சியிருக்கும் அட்டைகளே உங்கள் தேடல் பட்டியல் என்பதால், இன்றும் இதைவிடத் தெளிவான ஏற்பாடு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசியின் முதல் தவணையை 40 குழந்தைகளும் மூன்றாம் தவணையை 34 குழந்தைகளும் பெற்றிருந்தால், விடுபட்டவர்கள் 6 பேர், அதாவது 15 சதவீதம். இது 10 சதவீதத்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். முதல் தவணைக்கு ஒரு தாய் வந்திருக்கிறார் என்றால் அவர் தடுப்பூசியை மறுப்பவர் அல்லர். அவர் திரும்பி வராததற்கான காரணத்தை முதல் தவணையின்போது நடந்தவற்றிலோ, நாம் குறித்த நாளிலோ, அவர் இருக்கும் இடத்திலோதான் தேட வேண்டும்.

நம் ஊர்களைப் பொறுத்தவரை இருக்கும் இடம்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகும் பெண், குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆகும்போதுதான் கணவர் வீட்டுக்குத் திரும்புகிறார். மூன்றாம் தவணைக்கு உரிய 14 ஆவது வாரம் சரியாக அந்தப் பயணத்தை ஒட்டியே வருகிறது. தாய் வீட்டு ஊரின் செவிலியர் குழந்தை கிளம்பிவிட்டது என்று விட்டுவிடுகிறார். கணவர் வீட்டு ஊரின் செவிலியருக்குக் குழந்தை வந்து சேர்ந்ததே தெரியாது. இதை அந்தத் தாயின் கவனக்குறைவு என்று எழுதுவது நியாயமாகாது. அவர் கிளம்பும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்து, கர்ப்பத்தைப் பதிவுசெய்யும்போது தரப்பட்ட அவருடைய பிக்மி எண்ணையும் போட்ட தவணைகளையும் அடுத்த ஊரின் செவிலியருக்கு நீங்களே தொலைபேசியில் சொல்லிவிட்டால், குழந்தை விடுபடாது. பெயர் வைப்பதற்கு முன்பே குழந்தை பதிவாகிவிடுவதால் தாயின் பெயரை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு மூன்று தாய்மார்கள் இருக்கும் ஊர்களில் கணவரின் பெயரையும் தெருவையும் சேர்த்து எழுதுவது அவசியம்.

வராத குழந்தையின் வீட்டுக்கு அடுத்த புதன்கிழமை வருவதற்குள் போய்விடுங்கள். மாத அறிக்கை எழுதும்வரை காத்திருந்தால் அதற்குள் ஒரு தவணையின் தாமதம் இரண்டு தவணைகளின் தாமதமாகியிருக்கும்.

கேள்வி: என் குழந்தைக்கு இரண்டாம் தவணை ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்து தொடையும் வீங்கியது. அடுத்த தவணையின்போது சளி பிடித்திருந்தது. மாமியாரும் வேண்டாம் என்றார். இப்போது இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டது. மறுபடியும் முதலிலிருந்து போடுவார்களா? நர்சம்மா திட்டுவார்களோ என்று போகத் தயக்கமாக இருக்கிறது.
– ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: முதலிலிருந்து போட வேண்டியதில்லை. எந்தத் தவணையில் நின்றதோ அங்கிருந்து தொடர்வார்கள். ஏற்கெனவே போட்ட இரண்டு தவணைகளின் பலனும் வீணாகவில்லை. போலியோ உள்ளிட்ட, அதே 14 ஆவது வாரத்துக்கு உரிய மற்றவற்றையும் அன்றைக்கே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மேலும் தள்ளிப்போட வேண்டாம். பென்டாவேலன்ட் தடுக்கும் நோய்களில் ஒன்றான கக்குவான் இருமல், பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைகளைத்தான் மிகக் கடுமையாகத் தாக்குகிறது.

லேசான சளியும் இலேசான காய்ச்சலும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணங்கள் அல்ல. ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சலும், போட்ட இடத்தில் வீக்கமும் வருவது வழக்கம். குழந்தையின் எடைக்கு எவ்வளவு பாராசிட்டமால் மருந்து என்பதைச் செவிலியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாமியாரையும் உடன் அழைத்துப் போவது நல்லது. குழந்தை இரவெல்லாம் அழுததைப் பார்த்தவர் அவர். செவிலியர் அவரிடம் நேரடியாகப் பேசினால் பயம் தெளியும். அட்டை தொலைந்திருந்தாலும் போகலாம், பதிவு அங்கே இருக்கும்.

திட்டுக்கு அஞ்சி நீங்கள் தயங்குவதைப் படிக்கும் செவிலியர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தாமதமாக வரும் தாய், எத்தனையோ தடைகளைத் தாண்டித்தான் வந்திருக்கிறார். கூட்டத்துக்கு நடுவே அவரிடம் கடிந்து பேசினால், அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றத் தாய்மார்களில் ஒருவர், தனக்கு நாள் தவறும்போது வராமலே இருந்துவிடுவார்.

கேள்வி: தடுப்பூசிகளைப் பதியும் யூவின் இணையதளத்தில் எல்லாம் பதிவாகிறது, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் போகிறது. இனியும் நோட்டுப் புத்தகம் தேவையா?
– வட்டார அளவிலான பணியாளர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: தளம் நிச்சயம் உதவும், குழந்தை எந்த ஊருக்குப் போனாலும் பதிவு உடன் போகிறது என்பது பெரிய வசதி. ஆனால் பதிவான எண் பல வீடுகளில் கணவருடையது. அவர் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார், அல்லது எண்ணை மாற்றியிருப்பார். குறுஞ்செய்தி போய்விட்டது என்பதை வைத்து அந்தத் தாய்க்குச் செய்தி சேர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. தளத்திலிருந்து வாரப் பட்டியலை எடுத்து, அங்கன்வாடிப் பணியாளருடன் அமர்ந்து பெயர் பெயராகப் படித்துப் பாருங்கள். யார் ஊரில் இருக்கிறார்கள், யார் வெளியே போயிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

கேள்வி: காசநோய் சிகிச்சையில் இருப்பவர்களைப் பின்தொடரும் தன்னார்வலர் நான். மூன்றாம் மாதத்தில் சிலர் மாத்திரை வாங்க வருவதை நிறுத்திவிடுகிறார்கள். வீட்டுக்குப் போனால் அக்கம்பக்கத்தினருக்குத் தெரிந்துவிடும் என்று கோபப்படுகிறார்கள். போகாமலும் இருக்க முடியவில்லை.
– வாசகர், வடசென்னை

பதில்: உங்கள் நகரத்தில்தான் இந்தக் கேள்விக்கு ஒரு முக்கியமான விடை கண்டறியப்பட்டது. 1956 இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்ட நோயாளிகளையும் காசநோய் மருத்துவமனையான சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களையும் ஓராண்டு ஒப்பிட்டுப் பார்த்தது. வறுமையும் இட நெருக்கடியும் நிறைந்த வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்பது 1959 இல் வெளியான அதன் முடிவு. அந்த ஆய்வில் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சை போதுமானது என்ற அந்த முடிவுக்குப் பின்னால் இப்படி இடைவிடாமல் தேடிச் சென்ற உழைப்பும் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மூன்றாம் மாதத்தில் நிற்பதற்கும் காரணம் உண்டு. வழக்கமான சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதங்களில் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதங்களில் மூன்று. முதல் இரண்டு மாதங்களுக்குள் இருமல் அடங்கி, பசி எடுத்து, எடை கூடத் தொடங்குகிறது. குணமாகிவிட்டதாக நினைத்துக் கூலி வேலைக்குத் திரும்புகிறவருக்கு, மாத்திரை வாங்கப் போகும் நாள் அன்றைய சம்பளத்தை இழக்கும் நாளாகிவிடுகிறது. சிலருக்கு வாந்தி, சிலருக்குக் குடிப்பழக்கம், காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதைக் கண்டு பயந்து நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இவற்றை முதல் நாளிலேயே சொல்லி வைத்தால் பாதித் தேடல் குறையும். நடுவில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறக்கூடும் என்பதையும் மிரட்டலாக இல்லாமல் விளக்கிச் சொல்லுங்கள்.

அக்கம்பக்கத்தினர் பற்றிய அவர்களின் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆகவே அனுமதியைச் சிகிச்சை தொடங்கும்போதே வாங்கிவிட வேண்டும்: ஒருமுறை வராவிட்டால் நான் உங்களை எங்கே பார்க்கலாம், யாரிடம் பேசலாம், யாரிடம் பேசவே கூடாது என்று அவரையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோயில் வாசல், தேநீர்க் கடை, வேலை செய்யும் இடத்தின் வெளிப்புறம் என்று அவர் சொல்லும் இடத்தில் சந்தியுங்கள். அடையாள அட்டையும் துறையின் பையும் வெளியே தெரிய வேண்டாம். வீட்டில் அவர் இல்லையென்றால் என்ன விஷயம் என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் எந்தக் காரணத்துக்காகவும் சொல்லாதீர்கள். சொந்த ஊர் முகவரியையும் வாங்கி வையுங்கள். பாதியில் ஊருக்குப் போகிறவரின் சிகிச்சையை காசநோயாளிகளைப் பதிவுசெய்யும் நிக்ஷய் இணையதளம் வழியாக அந்த மாவட்டத்துக்கு மாற்றிவிட முடியும்.

அவரைச் சந்தித்ததும் ஏன் வரவில்லை என்று தொடங்காமல், உடம்பு எப்படி இருக்கிறது, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று கேளுங்கள். சத்துணவுக்காக அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. அது வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறதா என்பதையும் விசாரியுங்கள். வந்து சேராத பணம் நம்பிக்கையைக் குலைக்கும்.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறேன். பல முறை போயும் சில வீடுகள் பூட்டியே இருக்கின்றன. வரவில்லை என்று எழுதிவிடலாமா?
– மகளிர் சுகாதார தன்னார்வலர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அப்படி எழுத வேண்டாம். நீங்கள் போகும் முற்பகல் நேரத்தில் அவர்கள் நூறு நாள் வேலையிலோ வயலிலோ இருப்பார்கள். வேலை நடக்கும் இடத்தை ஊராட்சியில் கேட்டு, உணவு இடைவேளையில் அங்கே போய்ப் பாருங்கள். ரத்த அழுத்தத்தையும் அங்கேயே பார்த்துவிடலாம். முடியாவிட்டால் மாலையில் வீட்டில் இருக்கும் நாளைக் கேட்டு வையுங்கள். பதிவேட்டில் வீடு பூட்டியிருந்தது, ஊரில் இல்லை, மாத்திரை வேண்டாம் என்றார், தனியார் மருத்துவரிடம் போகிறார் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். பூட்டிய வீட்டுக்கு நீங்கள் போகும் நேரத்தை மாற்றினாலே போதும். மாத்திரை வேண்டாம் என்றவரிடம் மருத்துவர் பேச வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் எழுதிவிட்டால், மேற்பார்வையாளரால் உங்களுக்கு எந்த உதவியும் செய்ய முடியாது.