மாத்திரை விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி (வாசகி, பெரம்பூர்): அப்பாவுக்கு சுகரும் பிரஷரும் இருக்கிறது. மருந்து விலையை அரசு கட்டுப்படுத்துகிறது என்கிறார்கள், எங்கள் மெடிக்கல் பில்லில் அது தெரியவே இல்லையே?

பதில்: கட்டுப்படுத்துவது உண்மைதான் சகோதரி, ஆனால் எல்லா மருந்தையும் இல்லை. 2022-இல் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன, உச்சவரம்பு விலை இவற்றுக்குத்தான். பட்டியலில் இல்லாததை கம்பெனி ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். சுகருக்கான மெட்ஃபார்மின், பிரஷருக்கான டெல்மிசார்டன் இரண்டும் பட்டியலில் உண்டு. அப்பாவின் சீட்டில் வேறு என்ன எழுதியிருக்கிறது, எந்த பிராண்ட் என்று டாக்டரிடமே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

உச்சவரம்பைக் கணக்கிடும் முறையும் எனக்குப் பிடிக்கவில்லை. முன்பு தயாரிப்புச் செலவைப் பார்த்தார்கள். 2013 முதல், சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகள் கடைக்காரருக்கு என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்து, அதன் சராசரியோடு 16 சதவீதம் கடைக்காரர் லாபம் சேர்க்கிறார்கள். எல்லாருமே ஏற்றி விற்றுக்கொண்டிருந்தால் சராசரியும் ஏறித்தானே நிற்கும்? அதற்காக ஒரேயடியாக அழுத்தினாலும் ஆபத்து, கட்டுப்படியாகாத மருந்தை கம்பெனிகள் தயாரிப்பதையே விட்டுவிடும். 2024 அக்டோபரில் பென்சைல் பெனிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக், ஆஸ்துமாவுக்கான சால்புடமால் உட்பட 8 மருந்துகளுக்கு உச்சவரம்பை அரசே 50 சதவீதம் உயர்த்தியது அதனால்தான்.

என்னைக் கேட்டால், விலைக்கு ஆணை போடுவதைவிட அரசே மொத்தமாக வாங்கி மக்களுக்குக் கொடுப்பதுதான் பலன் தருகிறது. நம் ஊரிலேயே நடக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் டெண்டர் விட்டு, பிராண்ட் பெயர் பார்க்காமல் மருந்தின் பெயரில் வாங்குகிறது, ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது. இலவச மாத்திரை வேலை செய்யாது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், அதை நம்பி மாதாமாதம் காசைக் கரைக்காதீர்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். அங்கே கிடைக்காததை, குறைந்த விலையில் மருந்து விற்க 2025 பிப்ரவரியில் அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களில் விசாரியுங்கள்.

கேள்வி (வாசகர், சைதாப்பேட்டை): சளி, காய்ச்சலுக்குப் போன தடவை கொடுத்த ஆன்டிபயாட்டிக்கையே கேட்டால், சீட்டு இல்லாமல் தர முடியாது என்கிறார் கடைக்காரர். டாக்டருக்கு வேறு ஃபீஸ் கொடுக்க வேண்டுமா? ஏழைக்கு எதிரான சட்டம் இல்லையா இது?

பதில்: அந்தக் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள், நேர்மையானவர். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 அட்டவணை 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. செஃபிக்சிம் மாதிரி ஆன்டிபயாட்டிக்குகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி, அதை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. தேவையில்லாமல் விழுங்க விழுங்க கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் நிஜமாகவே நிமோனியா வந்தால் சாதாரண மாத்திரை கேட்காது, ஆஸ்பத்திரியில் படுத்து விலை கூடிய ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ஏழைக்குத் தாங்காத செலவு அதுதான். ஃபீஸ் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்க்க ஒரு பைசா வேண்டாம், காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் நேராக அங்கே போங்கள்.