பலகையில் ஒட்டிய கணக்கு: ஊராட்சிச் செலவும் புதுக் கம்பெனிப் பதிவும் – கேள்வி பதில்

ஊர்ப் பணம் எங்கே போனது, அதை வாங்கிய நிறுவனம் யாருடையது. இந்த இரண்டையும் ஊரறியச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. ஆனால் ஒன்று ஊராட்சி அலுவலகச் சுவரில் இருக்கிறது, இன்னொன்று கம்பெனிப் பதிவாளரின் இணையதளத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள் குறைவு. நான் இருபது வருஷத்துக்கு மேலாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கம்பெனிப் பதிவு வேலை பார்க்கிறேன். கிராமசபை நாள் வந்தால் சொந்த ஊருக்குப் போய்விடுவேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, திண்டுக்கல் பக்கம்): அண்ணா, எங்கள் ஊர் கிராமசபையில் ஒரு பிளக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். ‘படிவம் 30’ என்று போட்டு வரவு, செலவு என்று வரிசையாக எண்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை எப்படிப் படிப்பது?

பதில்: போனில் படம் எடுத்துக்கொண்டாயா, தங்கச்சி? இல்லையென்றால் அடுத்த முறை முதலில் அதைச் செய். கூட்டம் முடிந்ததும் பேனரைச் சுருட்டி எடுத்துப் போய்விடுவார்கள்.

அது ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை. கிராமசபையில் மக்கள் பார்வைக்கு வைத்து ஒப்புதல் வாங்க வேண்டியது. நம் ஊராட்சிகளில் பணம் ஒரே கணக்கில் கிடப்பதில்லை. முதல் கணக்கு பொது நிதி: வீட்டு வரி, தொழில் வரி, அரசு தரும் மானியம் எல்லாம் இதில் வரும். இரண்டாவது கணக்கு மின் கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் கட்டுவதற்கு. மூன்றாவது, திட்டப் பணம். பேனரில் மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்காதே. முதல் கணக்கின் செலவுப் பக்கத்துக்கு நேராகப் போ. ஊராட்சி மன்றம் தானே முடிவெடுத்துச் செலவழிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அங்கே திரும்பத் திரும்ப வரும் தலைப்புகள் சில உண்டு. தெருவிளக்குப் பராமரிப்பு, மோட்டார் பழுது, குழாய் உடைப்பு, பிளீச்சிங் பவுடர், தொட்டி இயக்குபவர் சம்பளம், தூய்மைப் பணியாளர் சம்பளம். சம்பளம் மாதாமாதம் ஒரே அளவில் இருக்கும், அதில் பார்ப்பதற்கு அதிகமில்லை. பழுதுச் செலவைத்தான் பார்க்க வேண்டும். போன கிராமசபைப் பேனரோடு ஒப்பிட்டுப் பார். தெருவிளக்குக்கு மூன்று மாதத்தில் இவ்வளவு என்றால், எத்தனை விளக்கு மாற்றினார்கள், எந்தத் தெருவில் என்று கேள். உன் தெருவில் விளக்கு எரிகிறதா என்பது உனக்குத் தெரியும். சென்னையிலிருந்து தணிக்கைக்கு வருபவருக்கு அது தெரியாது.

கேள்வி (அதே மாணவி): வவுச்சரைக் காட்டச் சொன்னால் காட்டுவார்களா? தலைவர் சண்டைக்கு வந்துவிட்டால்?

பதில்: கேட்கிற விதம் முக்கியம். எங்கள் ஊரில் ஒரு வருஷம் மோட்டார் பழுது என்று ஐந்து செலவு எழுதியிருந்தது. எனக்குச் சந்தேகம். எழுந்து, “எந்த மோட்டார், எந்தத் தேதி, பதிவேட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று மட்டும் கேட்டேன். தலைவருக்கு முகம் சிவந்தது, ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். பார்த்தால் ஊரில் நான்கு ஆழ்துளைக் கிணறு, அதில் ஒன்றில் மட்டும் இரண்டு முறை காயில் எரிந்திருக்கிறது. கணக்கு சரி. தப்பு வேறு இடத்தில்: அந்தக் கிணற்றுக்கு வரும் மின்சாரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய அன்றைக்கே தீர்மானம் போட்டோம், அடுத்த வருஷம் அந்தச் செலவே இல்லை. நான் எடுத்த எடுப்பில் “திருட்டுக் கணக்கு” என்று கத்தியிருந்தால் பதிவேடும் வந்திருக்காது, மோட்டாரும் எரிந்துகொண்டே இருந்திருக்கும்.

பதில் தர மறுத்தால், நீ கேட்ட கேள்வியையே தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல். தீர்மானம் எழுதி முடிக்குமுன் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் போடாதே.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்): கிராமசபை நடந்ததே எங்களுக்கு மறுநாள்தான் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, வருஷத்தில் ஆறு நாள் வழக்கமாக வைத்திருக்கிறார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காலண்டரில் வட்டம் போட்டு வைத்தால் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். ஏழு நாள் முன்னதாக இடமும் நேரமும் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்துக் குறைந்தபட்ச வருகையும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 10,000-க்கு மேல் என்றால் 300 பேர். அறிவிப்பே இல்லாமல் நடந்த கூட்டத்தில் இத்தனை பேர் கையெழுத்து எங்கிருந்து வந்தது என்று வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் மாணவர்கள் நாலு பேரையும் கூட்டிப் போங்கள்.

கேள்வி (இளைஞர், விழுப்புரம்): ஐயா, என் அப்பா “ஊர்ப் பெரியவர்களிடம் கணக்குக் கேட்பது நம் வழக்கம் இல்லை” என்கிறார்.

பதில்: தம்பி, அப்பாவை ஒரு நாள் உத்திரமேரூருக்கு அழைத்துப் போங்கள். விழுப்புரத்திலிருந்து போய்த் திரும்ப ஒரு பகல் போதும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, ஆயிரத்து நூறு வருஷம் ஆகிறது. குடவோலைக்கு யார் பெயரை எழுதக் கூடாது என்ற பட்டியலில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வருகிறார்கள். அதையும் எல்லோர் கண்ணிலும் படும் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி (லாரி ஓட்டுநர், நாமக்கல்): நான் ஊரில் இருப்பதே மாதத்தில் நாலு நாள். போனிலேயே ஊராட்சிச் செலவைப் பார்க்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். மத்திய அரசின் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளம் 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கியது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் வருடாந்தரத் திட்டமும் நிதிக்குழு மானியத்தில் செய்த செலவும் வரும். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கியது. மீதி 40 சதவீதம் ஊரின் தேவைக்கு. உங்கள் ஊரில் கழிவுநீர் வாய்க்கால் வேலை முடிந்ததாக அதில் காட்டினால், ஊரில் இருக்கும் நாலு நாளில் நடந்து போய்ப் பாருங்கள். வீட்டு வரியில் செய்யும் செலவுக்கு இதை நம்ப வேண்டாம், அதற்குப் பேனரும் பதிவேடும்தான்.

கேள்வி (சிறு ஒப்பந்ததாரர், ஈரோடு): அண்ணே, டெண்டர் விளம்பரம் என் கண்ணில் படும்போது கடைசித் தேதி முடிந்திருக்கும். வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்களா?

பதில்: சில இடத்தில் வேண்டுமென்றே, சில இடத்தில் நாம் பார்க்கும் இடம் தப்பு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998-இல் வந்தது, விதிகள் 2000-இல். 2 கோடி ரூபாய் வரையுள்ள வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதானால், டெண்டர் கேட்கும் அதிகாரிக்கு மேலே உள்ளவர் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அந்தக் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள், அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பேப்பரை மட்டும் நம்பாதீர்கள். மாவட்ட டெண்டர் புல்லட்டினையும் (அரசே வெளியிடும் டெண்டர் அறிவிப்பு இதழ்) அரசின் டெண்டர் இணையதளத்தையும் வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலை யாருக்குக் கிடைத்தது, மற்றவர்களை ஏன் தள்ளினார்கள் என்பதும் புல்லட்டினுக்குப் போக வேண்டும். நீங்கள் டெண்டர் போட்டு அநியாயமாகத் தள்ளப்பட்டால், உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்தப் பத்து நாளை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

கேள்வி (குடும்பத் தலைவி, செங்கல்பட்டு மாவட்டம்): எங்கள் பேரூராட்சியில் விளக்கு மாற்றும் வேலையை யாரும் கேள்விப்படாத ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி எடுத்திருக்கிறது. அது யாருடையது என்று எங்களால் தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும் அம்மா. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 இடம் கொண்ட ஓர் அடையாள எண் உண்டு, சிஐஎன் என்பார்கள். கம்பெனியின் பில்லிலும் லெட்டர்ஹெட்டிலும் அது அச்சாகியிருக்க வேண்டும். முதல் எழுத்து ‘எல்’ என்றால் பங்குச்சந்தையில் பட்டியலிட்டது, ‘யு’ என்றால் பட்டியலிடாதது. அடுத்த ஐந்து இலக்கம் தொழிலின் வகை. பிறகு மாநிலம்: ‘டிஎன்’ என்று இருக்கும், கோயம்புத்தூர்ப் பதிவாளரிடம் பதிந்த கம்பெனிகளில் ‘டிஇசட்’ என்றும் பார்க்கலாம். அதன்பின் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. அப்புறம் மூன்று எழுத்தில் கம்பெனியின் வகை, பிரைவேட் லிமிடெட் என்றால் ‘பிடிசி’. கடைசி ஆறும் பதிவு எண். ஆக, ஒரு பில்லைக் கையில் வாங்கினாலே கம்பெனிக்கு எத்தனை வயது என்று சொல்லிவிடலாம்.

இனி, கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவான தேதி, முகவரி, மூலதனம், கடைசியாக எந்த வருஷத்துக் கணக்கைத் தாக்கல் செய்தது என்பதெல்லாம் இலவசமாக வரும். 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த பொது ஆவணங்களையே திறந்து படிக்கலாம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 399-ஆம் பிரிவு இந்த உரிமையை யாருக்கும் தருகிறது. என்ன தொழில் செய்யத் தொடங்கினார்கள் என்பது அமைப்புச் சாசனத்தில் இருக்கும். முதல் இயக்குநர்கள் யார் என்பது பதிவு விண்ணப்பத்தில் இருக்கும்.

பார்க்க வேண்டியது தேதிகளை. டெண்டர் அறிவிப்பு ஒரு தேதி, கம்பெனி பதிவான தேதி ஒன்று. மூன்று வருஷ அனுபவம் வேண்டும் என்று நிபந்தனை போட்ட வேலையை ஆறு மாதக் கம்பெனி எடுத்திருந்தால் அது கேட்க வேண்டிய கேள்வி. இன்னொன்று: 2018 நவம்பருக்குப் பின் பங்கு மூலதனத்தோடு பதிவான கம்பெனி, பங்குப் பணம் வந்துவிட்டது என்று ‘ஐஎன்சி 20ஏ’ படிவத்தை 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் தொழிலே தொடங்கக் கூடாது.

ஆனால் புதுக் கம்பெனி என்பதாலேயே தப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானே பதிந்து கொடுத்த கம்பெனிகளில், ஊரிலேயே பிழைப்புத் தேடிக்கொள்ள நினைத்த எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலை எடுத்தவர் கம்பெனியாக இல்லாமல் தனிநபராக இருந்தால், பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பெயரையும் பதிவுத் தேதியையும் பாருங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

கேள்வி (புதிதாகத் தொழில் தொடங்கியவர், கோவை): கம்பெனி பதிவாகிவிட்டது. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தியாவில் புதிதாகக் கம்பெனி பதிய விளம்பரம் தேவையில்லை, பதிவாளர் தளத்தில் ஏறுவதே அறிவிப்பு. ஏற்கெனவே இருந்த கூட்டு நிறுவனத்தை (பார்ட்னர்ஷிப்) கம்பெனியாக மாற்றும்போதுதான் ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவித்து, ஆட்சேபம் சொல்ல 21 நாள் தர வேண்டும். அந்தப் பணத்தில் நல்ல பெயர்ப்பலகை செய்யுங்கள். பதிவு அலுவலகத்துக்கு வெளியே பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், அந்தப் பகுதியின் மொழி எழுத்திலும் இருக்க வேண்டும். நமக்கு அது தமிழ்.

கேள்வி (பனியன் தொழில், திருப்பூர்): கூட்டு நிறுவனத்திலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன் விலகிவிட்டேன். இப்போது நூல் கடைக்காரர் பாக்கியை என்னிடம் கேட்கிறார்.

பதில்: விலகியதை ஊரறியச் சொன்னீர்களா? 1932 கூட்டு நிறுவனச் சட்டத்தின்படி பொது அறிவிப்புக் கொடுக்கும்வரை வெளியாருக்கு நீங்கள் இன்னமும் பங்காளிதான். பதிவு செய்த நிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தெரிவிப்பது, அரசிதழ், அந்த மாவட்டத்தில் ஓடும் ஒரு தமிழ்ப் பத்திரிகை, மூன்றும் வேண்டும். நாளைக்கே ஒரு வக்கீலைப் பார்த்து அறிவிப்பைக் கொடுத்துவிடுங்கள். பழைய பாக்கிக்கு அது உதவாமல் போகலாம், இனி வரும் பாக்கி தலையில் விழாமல் காக்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, எங்கட நாட்டிலயும் இதே மாதிரித்தானோ?

பதில்: இதில் உங்கள் சட்டம் வேறு. 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பதிவான 30 வேலை நாட்களுக்குள் கம்பனியின் பெயர், இலக்கம், முகவரியைப் பகிரங்க அறிவித்தலாக வெளியிட வேண்டும். வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழி நாளிதழிலும் வரும். ஒரு பேப்பர் துண்டைக் கத்தரித்து வைத்தாலே ஆதாரம் கையில் இருக்கும் என்பதால் எனக்கு அந்த முறை பிடிக்கும். பிரதேச சபைச் செலவுக்கு 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கேள்வி (பலர்): எங்கும் பதில் வரவில்லை என்றால் கடைசியில் எப்படி மனு எழுதுவது?

பதில்: சுருக்கமாக. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி போட்டு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

“ஏன் ஊழல் நடந்தது?” என்று கேட்டால் பதில் வராது. “இந்தத் தெருவில் போட்ட சிமெண்ட் ரோட்டின் மதிப்பீடு, அளவுப் புத்தகப் பக்கங்கள், பணம் கொடுத்த வவுச்சர், டெண்டர் ஏற்ற உத்தரவு ஆகியவற்றின் நகல்” என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அதோடு ஒரு வரி சேருங்கள்: 2005 சட்டத்தின் 2(ஜே) பிரிவுப்படி வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றிட்டு எடுக்கவும் நாள் குறித்துத் தருக. போன வருஷம் எங்கள் பக்கத்து ஊரில் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, மாதிரி எடுக்கக் குறித்த நாளுக்கு முந்தைய வாரமே ரோட்டின் ஓரம் பெயர்ந்த இடத்தை எல்லாம் திரும்பப் போட்டுக் கொடுத்தார்கள்.