லீ புல்லின் மீன்கள் – கடிதம்

வணக்கம். நான் சிற்பக்கலை படிக்கிறேன். தென்கொரியச் சிற்பி லீ புல்லின் மீன் படைப்பால் லண்டன் ஹேவர்ட் கேலரியில் தீ விபத்து ஏற்பட்டது என்று வாசித்தேன். ஈர மீன் எப்படி எரியும்? நிஜ மீனை வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு? ஊற்றினால் கெட்டியாகும் செயற்கைப் பிசினான ரெசினில் வார்த்துவிட்டால் தீர்ந்தது அல்லவா?

– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தீயின் மூலம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்ற ஊதா நிற உப்பு. நாற்றத்தை அடக்க அதை மீனோடு சேர்த்திருந்தார்கள்.

‘மெஜஸ்டிக் ஸ்ப்ளெண்டர்’ 1991இல் தொடங்கிய படைப்பு. பச்சை மீனின் மேல் சமிக்கியும் மணியும் தைத்து, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் இட்டு, சுவரில் வரிசையாக மாட்டுவார். நாளாக ஆக மீன் அழுகிக் கரையும், சமிக்கி மட்டும் புதுக்கருக்கு மாறாமல் மின்னும். 1997இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைத்தபோது நாற்றம் தாங்காமல் அகற்றிவிட்டார்கள். 2018இல் ஹேவர்டில் ‘க்ராஷிங்’ என்ற தலைப்பில் அவருடைய பெரிய தனிக்காட்சி. இம்முறை நாற்றத்துக்கு முன்னேற்பாடாகத்தான் பெர்மாங்கனேட். அது ஆபத்தாகலாம் என்று தெரிந்து படைப்பை அகற்ற முடிவு செய்தார்கள். மே 29 அன்று, அகற்றும் வேலையின் நடுவிலேயே சிறு தீ மூண்டது.

பெர்மாங்கனேட் வலுவான ஆக்ஸிஜனேற்றி, அதாவது பிற பொருள்களுக்கு ஆக்ஸிஜனைக் கொடுப்பது. அழுகல் வாடை தரும் சேர்மங்களை உடைத்து நாற்றத்தைக் குறைக்கும், உடைக்கும்போது வெப்பத்தை வெளிவிடும். நிறைய நீரில் கரைந்திருந்தால் அந்த வெப்பம் நீரோடு போய்விடும். தூளாகவோ படிகமாகவோ கரிமப் பொருளைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஓரிடத்தில் தேங்கும். பள்ளி ஆய்வகத்தில் இதன்மேல் கிளிசரின் விட்டால் சிறிது நேரத்தில் தானாகத் தீப்பற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பையை இறுக்கி மூடினாலும் பயனில்லை, ஆக்ஸிஜனை அந்த உப்பே கொடுத்துவிடும். ஊதா நிறம் பழுப்பானால் பெர்மாங்கனேட் தீர்ந்து மாங்கனீஸ் டை ஆக்சைடாகிவிட்டது என்று பொருள்.

ரெசின்? ஈர மீன்மேல் ஊற்றினால் ஈரம் பட்ட இடம் பால்போல மங்கும், அழுகல் வாயு குமிழாக நிற்கும். தடிமனாக ஊற்றினால் இறுகும் சூட்டில் மீனே பாதி வெந்துவிடும். முழுக்க உலர்த்தி வார்க்கலாம்தான். ஆனால் அழுகல் நின்றால் இந்தப் படைப்பில் மிஞ்சுவது கைவினைப் பொருள், அவ்வளவே. அழுகல் இங்கே சமிக்கியைப் போலவே ஒரு மூலப்பொருள் என்பது என் கட்சி.

நீங்களே செய்து பார்ப்பதாக இருந்தால் முதலில் பையைக் கவனியுங்கள். சாதாரண பாலித்தீன் வழியே வாடை கசியும். பாலியெஸ்டர் படலப் பை எவ்வளவோ மேல். தையல் ஊசியோ துடுப்பு முள்ளோ குத்தினால் அதுவும் வீண். வாயு சேர்ந்து பை உப்பும், எனவே நிரப்பாமல் பாதி இடம் விடுங்கள். வாடைக்கு ஆக்ஸிஜனேற்றியே வேண்டாம். வாடையை உறிஞ்சும் செயலூட்டிய கரியைத் தனிப் பொட்டலமாகக் கட்டி வையுங்கள், ஈரம் ஏறினால் மாற்றுங்கள்.

அதே காட்சியில் தலையின்றித் தொங்கிய 1998ஆம் ஆண்டு சைபோர்க் (பாதி மனிதர், பாதி இயந்திரம்) உருவங்களும் பல பொருள் சேர்ந்த கலப்பு ஊடகம்தான்: சிலிகோன் வார்ப்பு, உள்ளே பாலியூரித்தேன் நிரப்பு. இவை மீனைப் போல அழுகிப்போகாது, அப்படியே நிற்கும் என்று நினைக்க வேண்டாம். பாலியூரித்தேன் நுரை ஆண்டுக்கணக்கில் மஞ்சளித்துப் பொடியும். சிலிகோன்மேல் சிலிகோனைத் தவிர வேறெதுவும் ஒட்டாது என்பதால் நிறத்தை வார்க்கும்போதே கலந்துவிட வேண்டும், பிறகு பூசினால் தோலாக உரியும்.